துளிநீரில் உலகு கண்டவர்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் நம்மைச் சூழ்ந்து வாழ்கின்றன என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வுண்மையைக் கற்றறிந்த அறிஞரும் அறிந்திலர். பல்கலைக்கழகப் படியேறாத துணிவணிகர் ஒருவர், தம் கையால் செய்த சிறு கருவியின் துணைகொண்டு அவ்வுலகின் கதவைத் திறந்தார். அவர் கண்டவற்றை உலகம் உடனே பெற்றது. அவர் கருவியின் உள்ளமைப்பை அறியவோ நெடுங்காலம் காத்திருந்தது.

பிறப்பும் இளமையும்

ஆண்டன் வான் லூவன்ஹாக் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூடை முடைவதைத் தொழிலாகக் கொண்டவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். சிறிதுகாலம் வெளியூர்ப் பள்ளியிலும் பின்னர் உறவினர் இல்லத்திலும் இருந்து ஆண்டன் கல்வி பயின்றார். அக்காலத்தில் அறிவியல் நூல்கள் பெரும்பாலும் இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டன. அம்மொழியைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாய்மொழியாகிய டச்சு மொழி ஒன்றையே அவர் வாழ்நாள் முழுவதும் அறிந்திருந்தார்.

பதினாறாம் அகவையில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, துணிவணிகர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1654இல் டெல்ஃப்டுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை தொடங்கினார். அவருக்குப் பிறந்த மக்களுள் மரியா என்னும் மகள் ஒருவரே நிலைத்து வாழ்ந்தார். 1660இல் நகர மன்றத்தில் சிறு பணியொன்று கிடைத்தது. பின்னர் நில அளவையராகவும், மதுக்கலங்களின் கொள்ளளவை அளந்து உறுதிசெய்யும் அலுவலராகவும் பணியாற்றினார். அதே ஆண்டில் அதே ஊரில் பிறந்த புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் கடன்சுமையோடு மறைந்தபோது, அவருடைய உடைமைகளைப் பொறுப்பேற்று நிருவகிக்கும் பணியும் இவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அளத்தல், எண்ணுதல், கணக்கில் பிழையின்றி இருத்தல் ஆகியனவே இவர் ஏற்ற பணிகள் அனைத்திற்கும் பொதுவாக இருந்தன. பின்னாளில் ஆய்வுக்குக் கைகொடுத்தவையும் இப்பண்புகளே.

துணிக்கடையில் பிறந்த பார்வை

துணியின் தரத்தை அறிய, ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் ஓடுகின்றன என்று எண்ணுவது வணிகர் வழக்கம். அதற்கு உருப்பெருக்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினர். இழையை எண்ணப் பழகிய கண், காலப்போக்கில் இழையைத் தாண்டியும் நோக்கத் தலைப்பட்டது. இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர், நுண்ணோக்கி வழியே தாம் கண்டவற்றைப் பெரிய படங்களுடன் 1665இல் நூலாக வெளியிட்டிருந்தார். ஐரோப்பா முழுவதும் அந்நூல் வியப்பை ஏற்படுத்தியிருந்தது. லூவன்ஹாக்கின் ஆர்வத்தைத் தூண்டியதில் அதற்கும் பங்குண்டு என ஆய்வாளர் கருதுவர்.

ஹூக் பயன்படுத்தியது கூட்டு நுண்ணோக்கி. ஒரு குழாயின் இருமுனைகளிலும் வில்லைகளைப் பொருத்தி, ஒன்று பெருக்கிய உருவை மற்றொன்று மேலும் பெருக்குமாறு அமைப்பதே அதன் முறை. ஆயின் அக்கால வில்லைகள் குறையுடையன. ஒரு வில்லையின் குறையை அடுத்த வில்லை பெருக்கிக் காட்டியது. உருவின் விளிம்பில் வண்ணக் கறைகள் படர்ந்தன. லூவன்ஹாக் வேறு வழியை மேற்கொண்டார். வில்லை ஒன்றே போதும்; அது மிகச் சிறியதாகவும் குறையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வழி.

உள்ளங்கையில் அடங்கிய கருவி

லூவன்ஹாக்கின் நுண்ணோக்கி நாம் ஆய்வகத்தில் காணும் கருவியைப் போன்றதன்று. அதற்குக் குழாய் இல்லை, மேடை இல்லை, ஒளியைத் திருப்பும் ஆடியும் இல்லை. தீப்பெட்டியளவே உள்ள இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள். அவற்றின் நடுவே நேர்நேராக இரு சிறு துளைகள். துளைகளுக்கு இடையே கடுகினும் சிறிய கண்ணாடி வில்லை ஒன்று. தகடுகள் இரண்டும் தறையாணிகளால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன.

தகட்டின் பின்புறம் கூரிய ஊசி ஒன்று இருந்தது. காணவேண்டிய பொருளை அவ்வூசியின் முனையில் ஒட்டவேண்டும். நீண்ட திருகாணியைச் சுழற்றினால் பொருள் மேலும் கீழும் நகரும். சிறு திருகாணியைச் சுழற்றினால் வில்லைக்கு அருகிலும் தொலைவிலும் செல்லும். ஊசியின் அடியைத் திருப்பினால் பொருள் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். கருவியைக் கண்ணருகே ஒட்டிப் பிடித்து, வானொளியையோ விளக்கொளியையோ நோக்கியவாறு காணவேண்டும். பொருளைக் குவியத்திற்குக் கொண்டுவர மயிரிழையளவு நகர்த்தினாலே போதும். அதற்குப் பொறுமையும் நடுங்காத கையும் தேவைப்பட்டன.

இவ்வுறுப்புகள் அனைத்தையும் அவரே செய்தார். தகட்டை வெட்டியதும், திருகாணிக்குப் புரி வெட்டியதும், வில்லையைக் கடைந்து மெருகேற்றியதும் அவர் கைகளே. ஒரு பொருளை ஊசியில் செம்மையாகப் பொருத்திவிட்டால் அதனை எடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. அடுத்த பொருளைக் காண மற்றொரு கருவியையே செய்துகொள்வார். இவ்வாறு வாழ்நாளில் அவர் செய்த நுண்ணோக்கிகள் ஐந்நூறு என்னும் எண்ணிக்கையை எட்டின.

மிளகுநீரும் சான்றுரையும்

டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப், இவருடைய திறமையை நேரில் அறிந்தவர். 1673இல் இலண்டன் மாநகரின் இராயல் கழகத்திற்கு அவர் இவரை மடல்வழி அறிமுகம் செய்தார். பூஞ்சை, தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றி லூவன்ஹாக் எழுதிய குறிப்புகள் கழகத்தை அடைந்தன. அன்று தொடங்கிய மடல் தொடர்பு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

1674இல் அருகிலிருந்த ஏரியின் கலங்கல் நீரைக் குப்பியில் எடுத்துவந்து நோக்கினார். அதில் நகரும் சிற்றுயிர்களைக் கண்டு வியந்தார். மிளகு நாவில் ஏன் உறைக்கிறது என்பதை அறியவேண்டும் என்னும் அவா பின்னர் அவருக்கு எழுந்தது. மிளகின் நுண்துகள்கள் கூர்மையாக இருந்து நாவைக் குத்துகின்றனவோ என்று எண்ணினார். மிளகை நீரில் சில வாரங்கள் ஊறவைத்து, 1676ஆம் ஆண்டு அந்நீரின் ஒரு துளியை ஆராய்ந்தார். அவர் தேடிய கூர்முனைகள் கிட்டவில்லை. தேடாத உயிர்கள் எண்ணிறந்தன கிட்டின. அவற்றுள் மிகச் சிறியவற்றை இன்று நாம் பாக்டீரியா என்கிறோம்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர் எழுதிய நீண்ட மடல் இராயல் கழகத்தில் ஐயத்தையே எழுப்பியது. ஒரு துளி நீரில் பல்லாயிரம் உயிர்கள் வாழ்கின்றன என்பதை எங்ஙனம் ஏற்பது? கழகத்தாரிடம் அத்தகைய கருவி இல்லை. அதைச் செய்யும் முறையையோ லூவன்ஹாக் சொல்லவில்லை. அதற்கு மாற்றாக அவர், மதகுருமார் உள்ளிட்ட எண்மரை அழைத்துத் தம் கருவியில் காணச்செய்து, அவர்கள் எழுதிய சான்றுரைகளை அனுப்பிவைத்தார்.

சான்றுரைகள் மதிக்கப்பட்டன, ஆனால் அவை போதவில்லை. ஒருவர் கண்டதை வேறொருவர் வேறோர் இடத்தில், வேறொரு கருவியால் காணும்போதே அஃது அறிவியல் உண்மையாகிறது. அப்பொறுப்பு ஹூக்கிடம் வந்தது. அவர் மிளகுநீர் ஊறவைத்தார்; தம் கருவியைத் திருத்தினார்; முயன்று முயன்று நோக்கினார். 1677ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அச்சிற்றுயிர்கள் அவர் கண்ணிலும் பட்டன. கழக உறுப்பினரும் கூடி நின்று கண்டனர். துணிவணிகர் கூறியது மெய்யே என்பது உறுதியாயிற்று. 1680இல் இராயல் கழகம் லூவன்ஹாக்கைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தியது.

தெரிந்து தெளிவோம்

கண்ட உயிரின் அளவைக் கூற அந்நாளில் நுண்ணளவுகள் வழக்கில் இல்லை. எனவே, பருமணல், தலைமயிர் போன்று எவரும் அறிந்த பொருள்களோடு ஒப்பிட்டே லூவன்ஹாக் நுண்ணுயிர்களின் அளவை மதிப்பிட்டார்.

மடல்களே நூல்களாக

லூவன்ஹாக் ஆய்வுநூல் எழுத அமர்ந்தவர் அல்லர். இராயல் கழகத்திற்கு மட்டும் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு மடல்களை டச்சு மொழியில் எழுதினார். அவை மொழிபெயர்க்கப்பட்டுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. குருதியின் சிவப்பணுக்கள், தசைநாரின் வரிகள், செடித்தண்டின் நுண்குழாய்கள் என அவர் தொடாத பொருள் அரிது. நாள்தோறும் உப்பிட்டுத் துலக்கிய தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் படிவிலும் உயிர்கள் திரிவதை 1683இல் எழுதினார்.

தானியக் குதிர்களில் வண்டுகள் தாமாகவே தோன்றுகின்றன என்றும், தூசியிலிருந்து தெள்ளுப்பூச்சி பிறக்கிறது என்றும் அக்காலத்தவர் நம்பினர். அவை முட்டையிலிருந்தே தோன்றி, படிப்படியாக வளர்கின்றன என்பதை லூவன்ஹாக் கண்டு காட்டினார். எத்துணைச் சிறிய உயிராயினும் அதற்கும் பெற்றோர் உண்டு என்னும் கருத்துக்கு இஃது அரண் சேர்த்தது.

அவருடைய புகழ் அரசர்களையும் ஈர்த்தது. 1698இல் டெல்ஃப்ட் வழியே படகில் சென்ற உருசியப் பேரரசர் முதலாம் பீட்டர், அவரை வரவழைத்து, விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடும் காட்சியைக் கண்டு மகிழ்ந்தார்.

மறைத்து வைத்த கலை

கண்டதை எவர்க்கும் மறைக்காத லூவன்ஹாக், காணும் வழியை மட்டும் மறைத்தார். வந்தவர்க்கு எல்லாம் நடுத்தரக் கருவிகளையே காட்டினார். மிகச் சிறந்தவற்றைத் தமக்கென வைத்துக்கொண்டார். இளைஞர்க்கு இக்கலையைக் கற்பிக்கலாமே என்று செருமானிய அறிஞர் இலைப்னிட்சு கேட்டபோதும் அவர் இசையவில்லை. இத்தொழிலுக்கு வேண்டிய நெடிய உழைப்பையும் பொறுமையையும் ஏற்பவர் மிகச் சிலரே என்பது அவர் கருத்து.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. உதரவிதானம் தொடர்பான நோய் தம்மை வருத்தியபோது, அந்நோயின் தன்மையையே ஆய்ந்து மடலாக எழுதினார். 1723ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் இயற்கை எய்தினார். அவர் விரும்பியவாறே இருபத்தாறு வெள்ளி நுண்ணோக்கிகளை மகள் மரியா இராயல் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமற்போயின. மரியாவின் மறைவுக்குப் பின் எஞ்சியவை 1747இல் ஏலத்தில் சிதறின. இன்று உலகில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழப் பத்தே.

கலையும் அவரோடு மறைந்தது. அவர் கண்ட நுண்ணுயிர் உலகை அவரைப்போல் தெளிவாகக் காணப் பின்வந்தோரால் நெடுங்காலம் இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டு நுண்ணோக்கியின் குறைகள் களையப்பட்ட பின்னரே அத்துறை மீண்டும் விரைந்து வளர்ந்தது.

திறவாமல் திறந்த வில்லை

பழைய கூட்டு நுண்ணோக்கி ஒன்று மங்கிப்போனால் அதனைப் பழுது பார்ப்போர், உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவர். வில்லைகளின் தூசியை முதலில் ஊதி அகற்றி, பின்னரே மென்துணியால் துடைப்பர். துகள் இருக்கத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். பற்சக்கரங்களில் இறுகிய பழைய மசகை நீக்கிப் புதிய மசகு இடுவர். கழற்றிய வரிசையை நினைவிற்கொண்டு மீண்டும் பூட்டுவர். கருவியும் தன் அமைப்பைக் கழற்றுவோர்க்குக் கற்பித்துவிடும்.

லூவன்ஹாக்கின் கருவி அதற்கு இடந்தரவில்லை. வில்லையைக் காணவேண்டுமாயின் தகடுகளைப் பிணைத்த தறையாணிகளை உடைக்கவேண்டும். உடைத்தால், எஞ்சியுள்ள மிகச் சிலவற்றுள் ஒன்று சிதையும். ஆதலால் அருங்காட்சியகத்தார் அவற்றைத் திறக்கத் துணிந்திலர்.

இச்சிக்கலுக்கு அவர் பிறந்த டெல்ஃப்ட் நகரிலேயே விடை கிடைத்தது. நியூட்ரான் கதிர்கள் உலோகத்தை எளிதில் ஊடுருவும் தன்மையன. அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணு உலையிலிருந்து வந்த அக்கதிர்களைச் செலுத்தி, நுண்ணோக்கியைப் பல கோணங்களில் படமெடுத்து, உள்ளிருக்கும் வில்லையின் முழு வடிவத்தையும் ஆய்வாளர் கணினியில் உருவாக்கினர். அவ்வாய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. ஒரு கருவியில் இருந்தது கடைந்து மெருகேற்றிய வில்லை. 266 மடங்கு பெருக்கிக் காட்டும் மற்றொன்றில், அஃதாவது உத்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளதில், இருந்ததோ நெருப்பில் உருக்கித் திரட்டிய சிறு கண்ணாடி உருண்டை. கண்ணாடி இழையை உருக்கி உருண்டையாக்கும் அம்முறையை, ஹூக் தம் நூலின் முன்னுரையில் முன்னரே வெளிப்படையாக எழுதியிருந்தார்.

ஆக, அக்கருவியில் மறைந்திருந்தது எவரும் அறியாத மாயம் அன்று. உலகறிந்த ஒரு முறையைச் சலியாத உழைப்பால் செம்மையின் எல்லைக்குக் கொண்டுசென்றதே அவருடைய தனிச்சிறப்பு. வழி அறிந்தோர் பலர். அவ்வழியே ஐம்பது ஆண்டுகள் நடந்தவர் அவர் ஒருவரே.

பட்டமும் பிறமொழிப் புலமையும் இல்லாத ஒருவர், கூரிய நோக்கையும் கண்டதைக் கண்டவாறே உரைக்கும் நேர்மையையும் கொண்டு அறிவியலில் அழியா இடம் பெற்றார். அவர் பகிர்ந்த காட்சிகள் வாழ்ந்தன. பகிராத கைத்திறன் அவரோடு முடிந்தது. அறிவைத் தேடுவோர் அவருடைய உழைப்பைப் பின்பற்றுதல் வேண்டும். தேடிப் பெற்ற வழியைப் பிறர்க்கும் காட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் சேரும்போதே அறிவு தலைமுறை கடந்து வளரும்.