காந்தம் இல்லாமல் சுழலும் மோட்டார்



வீட்டில் மிக்ஸி ஓடும்போது உள்ளே சிறு தீப்பொறிகள் தெரிவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். கார்பன் பிரஷ் சுழலும் பாகத்தில் உரசுவதால் வரும் பொறி அது. இப்படி ஒரு பொறிதான் ஒரு மாணவரைச் சிந்திக்க வைத்தது. அவர் பெயர் நிகோலா டெஸ்லா.

இன்று குரோஷியா நாட்டில் இருக்கும் ஸ்மில்யான் என்ற சிற்றூரில், 1856 ஜூலை 10 அன்று டெஸ்லா பிறந்தார். தந்தை பாதிரியார். தாய் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் வீட்டு வேலைக்கான கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கெட்டிக்காரர்.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரக் கல்லூரியில் டெஸ்லா படித்தபோது, வகுப்பில் ஒரு மின் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். பிரஷ்ஷில் பொறி பறந்தது. பிரஷ் இல்லாமலே மோட்டார் செய்யலாமே என்றார் டெஸ்லா. அது நடக்காத காரியம் என்று பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் விளக்கினார். ஆனாலும் அந்த எண்ணம் டெஸ்லாவை விடவில்லை.

1882இல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பருடன் நடந்தபோது விடை பளிச்சிட்டது. குச்சியால் மணலிலேயே படம் வரைந்து காட்டினார்.

அந்த விடை என்ன? காகிதத்தின் மேல் குண்டூசியை வைத்து, அடியில் காந்தத்தைச் சுற்றினால் ஊசியும் கூடவே சுற்றும் அல்லவா? டெஸ்லாவின் மோட்டாரில் காந்தக்கட்டியே கிடையாது. வெளியே அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்களில் மாறுமின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். அதனால் உண்டாகும் காந்தவிசை வட்டமாகச் சுற்றிவரும். அது நடுவிலுள்ள உருளையில் தொடாமலே மின்சாரத்தைத் தூண்டி, தன்னோடு இழுத்துச் சுழற்றும். இதுவே தூண்டல் மோட்டார்.

1884இல் டெஸ்லா அமெரிக்கா சென்றார். எடிசன் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாகத் தொடங்கிய தொழிலில் பங்காளிகள் கைவிட, கூலிக்குப் பள்ளம் தோண்டிப் பிழைத்தார். அப்போதும் மனம் தளரவில்லை. 1888 மே மாதம் அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பல வீடுகளின் மின்விசிறியும் வயல்களின் பம்புசெட்டும் இந்த வகை மோட்டாரால்தான் ஓடுகின்றன.

இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றின் மோட்டாரில் வலுவான காந்தங்கள் உள்ளன. அவற்றுக்கு நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் தேவை. இவ்வகைக் காந்தங்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் பல நாடுகளின் கார் தொழிற்சாலைகள் திண்டாடின.

டெஸ்லாவின் மோட்டாருக்கோ செம்பும் இரும்பும் அலுமினியமும் போதும்! 2008இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர் மின்சாரக் கார், அவர் பெயரைத் தாங்கியதோடு தூண்டல் மோட்டாரிலேயே ஓடியது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சுழலும் உருளை சூடாவதால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும். அதைக் குறைக்கப் பொறியாளர்கள் பாடுபட்டு வருகிறார்கள்.

1943 ஜனவரி 7 அன்று, நியூயார்க் விடுதி அறை ஒன்றில் டெஸ்லா காலமானார். செல்வம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகுக்கு 1960இல் டெஸ்லா என்றே பெயர் சூட்டப்பட்டது.

செல்வங்களே, நடக்காது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். யோசனையைக் கைவிடவும் செய்யாதீர்கள். ஏன் நடக்காது என்று நோட்டில் எழுதி வைத்து யோசியுங்கள். ஒருநாள் விடை கிடைக்கலாம்!