சிலந்திக்குப் பெயரிட்டவர்

ஆங்கிலேய விலங்கியலாளர் பிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி (1885–1965), 1909இல் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியேற்றார். 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கினார். தரையில் ஓடி இரைதேடும் ஓநாய்ச் சிலந்திகளை அவர் நுணுகி ஆராய்ந்தார்.

கண்களின் வரிசை, கால்களின் அளவு, இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றை உருப்பெருக்கியால் நோக்கி, முன்னோர் எழுதிய விளக்கங்களோடு ஒப்பிடுவதே இத்துறையின் நெறி. எதனோடும் பொருந்தாததே புதிய சிற்றினம். அவ்வாறு கண்டவற்றை 1924இல் பெயரிட்டு விவரித்தார். அவற்றுள் ஒன்று, இரட்டைக் கோடுடையது எனப் பொருள்படும் 'லைகோசா பைஸ்ட்ரியேட்டா' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

பெயரிட்டதோடு பணி முடிவதில்லை. மாதிரி உடல் அழியாது காக்கப்பட்டால்தான் பின்வருவோர் சரிபார்க்க இயலும். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை 1932இல் டி.என். இராமச்சந்திரனுடன் இணைந்து பட்டியலிட்ட கைகளே, காலடியில் ஓடும் சிற்றுயிருக்கும் அதே மதிப்பை அளித்தன.