பதினெட்டு வயதில் அகரம்

விடுமுறைக்கு ஊர் செல்ல இரண்டு இரவுகளை இரயிலில் கழிக்கும் நம் சங்கத்து நண்பர்களுக்கு ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்ற பெயர் புதிதன்று. இருப்புப்பாதையின் தந்தை என்று பள்ளியில் படித்திருப்போம். பதினெட்டு வயது வரை அவருக்குத் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது என்பதை அண்மையில்தான் நான் அறிந்தேன். அன்று முதல், அவர் ஓட்டிய வண்டிகளைவிட அவர் கற்ற விதமே என் நினைவில் நிற்கிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையிலுள்ள வைலம் என்னும் சிற்றூரில் 1781-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை, நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் எந்திரத்துக்குத் தீ மூட்டுபவர். வாரக் கூலி 12 ஷில்லிங்; பிள்ளைகளோ ஆறு பேர். பள்ளிக்கு ஏது வழி? மாடு மேய்த்தார், கரியில் கலந்த கல்லைப் பொறுக்கினார், பதினேழு வயதில் எந்திரத்தைக் காக்கும் பணிக்கு உயர்ந்தார். அதைக் கழற்றிப் பூட்ட அவர் கைக்குத் தெரியும். ஆனால் வாட் செய்த எந்திரங்களைப் பற்றியெல்லாம் நூல்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டபோதுதான் தம் குறை அவருக்கு உறைத்தது.

வாரம் மூன்று பென்ஸ் கொடுத்து, மூன்று இரவுகள் ராபின் கோவன்ஸ் என்ற ஏழை ஆசிரியரிடம் எழுத்துக் கற்றார். பத்தொன்பதாம் வயதில் தம் பெயரை எழுதினார். பிறகு ஆண்ட்ரூ ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் கணக்குப் பாடம். அது இரவோடு முடிகிற பாடமன்று. மாலையில் ஆசிரியர் பலகையில் கணக்கு இட்டுத் தருவார். மறுநாள் எந்திரத்தருகே, வேலைக்கு நடுவே கிடைக்கும் நிமிடங்களில் மாணவர் அதைப் போடவேண்டும். மாலையில் பலகை திருத்தத்துக்குப் போகும். புதிய கணக்குகளோடு திரும்பும். இப்படியே நாள்தோறும்! கரி படிந்த கைகளில் அந்தப் பலகையை நினைத்துப் பார்க்கிறேன்.

1803-இல் ராபர்ட் என்ற மகன் பிறந்தான். சில ஆண்டுகளில் மனைவி இறந்தார். மகன் தம்மைப்போல் ஆகிவிடக்கூடாதென்று, கில்லிங்வொர்த்திலிருந்து நியூகாசில் பள்ளிக்குக் கழுதைமீது அனுப்பினார். மகன் நூலகத்திலிருந்து நூல்கள் கொணர்வான். இருவரும் இரவில் படிப்பார்கள். இப்போது கண்டிப்பான ஆசிரியர் தந்தைதான்! எந்திரப் படத்தைக் காட்டி, அதன் விளக்கவுரையை மூடிவிடுவார். படத்தை மட்டும் பார்த்து, எழுத்தை வாசிப்பதுபோல் மகன் அதை விளக்கவேண்டும். படத்தைக் கண்டதும் அடிக்குறிப்பைத் தேடும் என்னைப்போன்ற அறிவியல் மாணவன் அவரிடம் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ!

பிந்திக் கற்றதன் வடு எளிதில் ஆறவில்லை. 1815-இல் அவர் சுரங்கத்துக்கு ஏற்ற காப்பு விளக்கொன்று செய்தபோது, படிக்காதவன் இதை எப்படிச் செய்வான் என்று டேவியின் பக்கத்தார் ஐயுற்றனர். 1825-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதைக்காகப் பாராளுமன்றக் குழுவின் முன் நின்றார். அவருடைய வட்டாரப் பேச்சைக் கேட்டு, அயல்நாட்டாரா என்று ஒருவர் வினவினாராம். வேற்று மாநிலத்தில் வாய் திறந்தாலே ஊர் தெரிந்துவிடுகிற நமக்கு அந்த வினா விளங்கும். உதவியாளர் எடுத்த மட்ட அளவுகளில் பிழைகள் இருந்தன. வழக்கறிஞர் அவற்றைத் துருவித் துருவிக் கேட்க, அவரால் விடை சொல்ல இயலவில்லை. மசோதா வீழ்ந்தது. மறு ஆண்டு அது நிறைவேறியது. பாதை போடும் பணியும் அவரிடமே வந்தது. 1829-இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ராக்கெட் எந்திரத்தை உருவாக்கியதில் முதற்பங்கு ராபர்ட்டுடையது. 1830-இல் பாதை திறக்கப்பட்டது. தந்தை 1848-இல் மறைந்தார்.

கில்லிங்வொர்த்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் கதவுக்கு மேலே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. வானநூலொன்றிலிருந்த கணக்கைத் தம் ஊர் அட்சரேகைக்கு மாற்றித் தந்தையும் மகனும் சேர்ந்து செய்தது அது. 1816 ஆகஸ்ட் 11 என்ற நாளை அதில் பொறித்திருக்கிறார்கள்.