நீண்ட குழலின் சக்கரவர்த்தி

குட்டீஸ்... தஞ்சை மாவட்ட மக்கள் பல தலைமுறையாகக் கேட்கும் திருச்சி வானொலி, 1939ல் துவங்கியது. செய்தி, உரை, நாடகம், உழவர் நிகழ்ச்சி என எத்தனை இருந்தாலும், தமிழ் வானொலியில் அதிகாலையில் ஒலிப்பது மங்கல இசைதான்! அதில் கேட்கும் நாதஸ்வரத்துக்குத் தனி மரியாதை தேடித் தந்தவர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

இவர், 1898ல் திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் நடேச பிள்ளை, தத்தெடுத்து வளர்த்தார். முதலில் வாய்ப்பாட்டு கற்று, பின் நாதஸ்வரம் பயின்றார்.

அக்காலத்தில், நாதஸ்வரக் கலைஞர்கள் சட்டை அணியாமல், நின்றபடிதான் வாசிக்க வேண்டும். இவரோ, தலையில் கிராப்பும், உடலில் கோட்டுமாக வந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். மற்ற இசைக் கலைஞர்களுக்கு உள்ள மரியாதை, நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

அதுவரை இருந்த, 'திமிரி' நாதஸ்வரம் நீளம் குறைந்தது, சுருதி அதிகம். பாடுவது போல் வாசிக்க அது ஒத்துவரவில்லை. திருவிடைமருதூர் வட்டம், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ஆச்சா மரத்தில் நீளமான, 'பாரி' நாதஸ்வரம் செய்து தந்தார். அதில் இவர் வாசித்த தோடி ராகம், இசைத்தட்டு, வானொலி வழியே வீடு தேடிப் போனது. கச்சேரிக்குப் போக முடியாதவர்களும் கேட்டு மகிழ்ந்தனர்.

நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில், டில்லியிலும் இவரது நாதஸ்வரம் ஒலித்தது. 1956, டிசம்பர் 12ல் மறைந்தார்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு, 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி மங்கல இசை கேட்டால், வாசித்தவரோடு, குழலைக் கடைந்த ஆசாரியையும் நினைத்துக் கொள்ளுங்கள்!