குளிசைக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை: சேனக பிபிலே

மாதாந்த கிளினிக்கில் மருந்து இல்லையென்றால், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டில் இருப்பது மருந்தின் இரசாயனப் பெயரா, கம்பனி வைத்த வர்த்தகப் பெயரா என்பதைப் பொறுத்து, பார்மசியில் கொடுக்கும் காசு பல மடங்கு மாறலாம். இந்த வித்தியாசத்தை ஒழிக்க அரச கொள்கை ஒன்றையே கொண்டுவந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே.

1920இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரி, கொழும்பு மருத்துவக் கல்லூரி, பிறகு எடின்பரோவில் கலாநிதிப் பட்டம். 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடாதிபதி. அரசியலில் லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது தரப்படுத்தலும் 1972 அரசியலமைப்பும்தான். அந்த அரசியலமைப்புக்குப் பொறுப்பான அமைச்சர் பிபிலேயின் கட்சியைச் சேர்ந்தவர். மருத்துவ பீட வாசலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய அதே அரசாங்கம்தான், ஏழை நோயாளிக்கு மருந்து விலையைக் குறைக்கவும் இறங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து பிபிலே 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். முதல் தலைவரும் அவரே. தனியார் சந்தையில் இருந்த சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரே மருந்துக்குப் பல பெயர்கள். சில தேவையே இல்லாத கலவைகள். இறக்குமதிக்கு உலகளாவிய கேள்விமனு கோரப்பட்டது. இங்கிருந்த வெளிநாட்டுக் கம்பனிகள் மூலப்பொருளைத் தங்கள் தாய்க் கம்பனியிடமே கூடிய விலைக்கு வாங்கி, இலாபத்தை அந்த விலைக்குள் மறைத்து வெளியே அனுப்பிவந்தன. 1973இல் மூலப்பொருள் இறக்குமதியையும் கூட்டுத்தாபனம் கையில் எடுத்தபோது பிடித்தது அந்த நரம்பைத்தான்.

அடுத்த வருடமே பதில் வந்தது. 1974இல் வாந்திபேதி பரவியது. ரெட்ராசைக்கிளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் வாங்கிய வேறொரு கம்பனியின் மூலப்பொருளைக் கொண்டு கப்சூல் செய்து தரும்படி பைசரின் உள்ளூர்த் தொழிற்சாலையிடம் கேட்கப்பட்டது. தரம் பற்றிய கேள்விகளைக் கிளப்பி அது செய்யவில்லை. அரசாங்கம் கூடிய செலவில் விமானத்தில் மருந்தை இறக்கவேண்டி வந்தது. மருந்துத் தட்டுப்பாடு என்றால் ஓமந்தைச் சோதனைச்சாவடியை நினைக்கும் எங்களுக்கு, இயந்திரத்தை ஓட்டாமல் விட்டும் அதைச் செய்யலாம் என்பது புதிதாக இருக்கலாம்.

தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரடியாகத் தலையிட்டார். நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. 1975இல் சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிபிலேயின் பின்னால் நின்ற பலமும் அத்துடன் போனது. ஐந்து வருடம்கூட முழுதாக விடப்படாத ஒரு வேலை அது.

பிறகு ஐ.நா.வின் வர்த்தக அபிவிருத்தி அமைப்புக்காக, இதே கொள்கையை மற்ற வறிய நாடுகளில் அறிமுகப்படுத்தச் சென்றார். 1977 செப்டம்பர் 29 அன்று தென்னமெரிக்காவின் கயானாவில் இறந்தார். மாரடைப்பு என்றார்கள்; இடதுசாரிகள் பலர் இன்றும் அதை நம்புவதில்லை. சந்தேகத்துக்கு அப்பால் ஆதாரம் வெளிவரவில்லை. அதே வருடம் உலக சுகாதார ஸ்தாபனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே வருடம் இலங்கையில் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் இறக்குமதிக்கும் கதவு திறந்தது.

அவர் கேட்ட கட்டுப்பாடுகளுக்கான தேசிய மருந்துச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2015இல். அதற்கு அடுத்த வருடம் உச்ச விலை விதிக்கப்பட்டது 48 மருந்துகளுக்கு.