கணக்கும் யந்திரமும்

எண்ணெய் நிலையங்களில் எழுதி வைத்திருக்கும் 'டீசல்' என்னும் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? விடுதியில் மின்சாரம் நின்றால் அவர் யந்திரம் விளக்கேற்றுகிறது. விடுமுறையில் ஊர் போய் இறங்கினால், அவர் யந்திரம் பூட்டிய பஸ் நம்மை வீட்டு வாசலில் கொண்டு சேர்க்கிறது. ஆளை மட்டும் மறந்துவிட்டோம்.

நானும் மறந்திருந்தவன்தான். சென்ற பருவத்தில் ஒரு டீசல் யந்திரத்தின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். கணக்கு அழகாக வந்தது. சோதனைச் சாலை யந்திரமோ என் கணக்கைச் சற்றும் மதிக்கவில்லை. சோர்ந்திருந்த அந்த நாட்களில்தான் ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையைப் படித்தேன்.

1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தந்தை தோல் வேலை செய்து பிழைத்தவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்கு ஓடிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு அந்தச் சிறுவனின் மனநிலை எளிதில் விளங்கும்.

மியூனிச் தொழில்நுட்பக் கல்லூரியில் லிண்டே என்னும் பேராசிரியரிடம் வெப்பவியல் பயின்றார். நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே நீராவி யந்திரம் வேலையாக மாற்றுகிறது என்று அறிந்ததும், அந்த விரயம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவர் கண்ட வழி எளியது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? காற்றை இன்னும் பலமடங்கு அழுத்தினால் அது நெருப்பாய்ச் சுடும். அதில் எண்ணெயைச் செலுத்தினால் பொறி வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு நூலும் வெளியிட்டார். வெப்பநிலை உயராமலே எண்ணெய் எரிய வேண்டும், காற்றின் அழுத்தம் 250 மடங்கு வரை ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு யந்திரத்துக்கு ஒத்துவரவில்லை. அத்தனை அழுத்தத்தை உண்டாக்கவே யந்திரத்தின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிவிடும். சக்கரத்தைச் சுழற்ற மிஞ்சுவது அற்பம். டீசல் இதை உணர்ந்தார். பிடிவாதம் பிடிக்காமல் அழுத்தத்தைக் குறைத்தார். எண்ணெய் எரியும் முறையையும் மாற்றிக்கொண்டார். 1893 ஆகஸ்டில் நடந்த முதற் சோதனையில் அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17-இல் யந்திரம் தன் சொந்த பலத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடிற்று. சரியாக மூன்றாண்டு கழித்து அதே நாளில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தார். வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியிருந்தது!

ஆயினும் இந்த யந்திரம் அப்போது மோட்டார் வண்டியில் ஏறவில்லை. எண்ணெயை உள்ளே ஊதுவதற்குப் பெரிய காற்றழுத்தி ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கனத்தைக் கப்பல் தாங்கும், வண்டி தாங்குமா? எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில் என்னும் கட்டுப்பாடே தடையாக நின்றது. 1920-களில்தான் காற்றழுத்தி இல்லாமல் எண்ணெயைச் செலுத்தும் யந்திரங்கள் லாரிகளில் ஏறின. 1927-இல் பாஷ் நிறுவனத்தின் எண்ணெய்ப் பம்பு பெருமளவில் தயாராயிற்று. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார் வந்தது. இன்று அதே வேலையை வண்டிக்குள் இருக்கும் சிறு கணினி பார்க்கிறது.

இவற்றைக் காண அவர் இல்லை. நோயும் காப்புரிமை வழக்குகளும் அவரை வாட்டின, ஈட்டிய பெருஞ்செல்வம் கரைந்தது, கடன் சூழ்ந்தது. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் இரவில் காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் கடலில் கண்டெடுத்த சடலத்தின் பொருள்களை மகன் அடையாளம் காட்டினார். விபத்தா, தற்கொலையா என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

நண்பர்களே, யந்திரம் சொன்னதைக் கேட்டுத் தம் கணக்கைத் திருத்திக்கொண்ட துணிவே டீசலின் பெருமை என்று கருதுகிறேன். என் சமன்பாடுகளை மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.