தலைவலித் தைலம் விற்ற காசில் பத்திரிகை நடத்தியவர்... `அமிர்தாஞ்சன்' நாகேஸ்வர ராவின் கதை!

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு லோக்கல் ட்ரெயினில் ஆவடி பக்கம் போகிறீர்கள். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. பக்கத்து சீட் அக்கா கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்துத் திறக்கிறார். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், வாசனையே சொல்லிவிடும் அது என்னன்னு!

டிஃப்யூசர், ரோல்-ஆன், லாவெண்டர் ஆயில் என்று இன்ஸ்டாவில் இன்று ட்ரெண்டாகும் அரோமாதெரபிக்கும் அந்த டப்பாவுக்கும் சொந்தம் உண்டு. ரெனே மாரிஸ் கட்டஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் `அரோமாதெரபி' என்ற பெயரில் புத்தகம் போட்டது 1937-ல். அதற்கு 44 வருடங்கள் முன்பே, தைல வாசனையை வைத்து ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார் நம்ம ஊரில் படித்த ஒருவர். அவர்தான் காசிநாதுனி நாகேஸ்வர ராவ்.

கிராமத்திலிருந்து பம்பாய்க்கு!

1867-ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். மசூலிப்பட்டினத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் காலத்தில் காலேஜ் முடித்தவருக்கு அரசு உத்தியோகம்தான் கனவு. இவருக்கோ வியாபாரத்தின் மேல் கண். கல்கத்தா போய் மருந்து தயாரிக்கும் தொழிலைப் பழகினார். அங்கிருந்து பம்பாய். 1893-ல் `அமிர்தாஞ்சன்' பிறந்தது.

கற்பூரம், மென்தால், விண்டர்கிரீன் தைலம் எல்லாம் தனித்தனியாக ஏற்கெனவே இருந்தவைதான். ஆனால் சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு டப்பாவுக்குள் அந்த வகைத் தைலங்களைக் கொண்டுவந்தது பெரிய விஷயம்.

அதை எப்படி விற்றார் தெரியுமா? சங்கீதக் கச்சேரிகளுக்கு வருபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்றைக்கு மால் வாசலில் ஃப்ரீ சாம்பிள் நீட்டுகிறார்களே, அதே டெக்னிக். தடவிப் பார்த்தவர்கள் கடையில் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள்.

தைலக் காசு எங்கே போச்சு?

நல்லா சம்பாதித்தார். பங்களா கட்டி செட்டிலாகியிருக்கலாம். ஆனால், 1907 சூரத் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்வந்தவர் மனதில் ஒரு உறுத்தல். தேசமே கொதித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தெலுங்கு பேசும் சாமான்யர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டாமா? அடுத்த வருடமே பம்பாயிலிருந்து `ஆந்திர பத்ரிகா' வார இதழைத் தொடங்கினார்.

1914-ல் ஜாகையை மெட்ராஸுக்கு மாற்றினார். வார இதழ் நாளிதழானது. 1924-ல் `பாரதி' என்ற இலக்கிய மாத இதழ். பிறகு புத்தகப் பதிப்பகம். பத்திரிகை நடத்துவது எவ்வளவு செலவு பிடிக்கிற வேலை என்று இந்தத் துறையில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். அதற்குத் தெம்பு கொடுத்தது அந்தத் தைல டப்பாதான்.

எழுதியதோடும் அவர் நிற்கவில்லை. ஆந்திர காங்கிரஸ் தலைவராக இருந்தார். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் இறங்கியபோது வயது 63. கம்பெனி முதலாளி, பத்திரிகை அதிபர் என்று ஒதுங்கியிருக்க எல்லா வசதியும் இருந்தது. ஆனாலும் ஜெயிலுக்குப் போனார். உள்ளே சும்மா இருக்காமல் பகவத் கீதைக்கு உரை எழுதினார். மக்கள் அவருக்கு வைத்த பட்டம் `தேசோத்தாரக'.

ஆந்திராவுக்குத் தனி மாநிலம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1937 நவம்பரில் கடலோர ஆந்திரா, ராயலசீமா தலைவர்கள் கூடி ஒப்பந்தம் போட்டது மயிலாப்பூரில் இருந்த அவருடைய `ஸ்ரீபாக்' வீட்டில்தான். அடுத்த ஏப்ரலில் காலமானார். ஆந்திர மாநிலம் உருவான 1953-ஐ அவர் பார்க்கவில்லை.

தடவினால் என்ன நடக்கிறது?

மென்தால் பட்டதும் நெற்றி ஜில்லென்று ஆகிறதல்லவா? உண்மையில் தோல் அவ்வளவு குளிர்வதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தூண்டிவிடுகிறது; மூளை அதைக் குளிர் என்று நம்பி, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம்.

அதனாலேயே கொஞ்சம் உஷாராக இருங்கள்:

* கைக்குழந்தைக்கு சளி என்று மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள். கற்பூரமும் மென்தாலும் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து.

* எந்தத் தைலத்தையும் வாயில் போடக் கூடாது. விண்டர்கிரீன் தைலம் கொஞ்சம் உள்ளே போனாலே விஷம்.

* ஆன்லைனில் வாங்கும் எசென்ஷியல் ஆயிலை அப்படியே தோலில் பூசாமல், தேங்காய் எண்ணெயில் சில சொட்டுகள் கலந்து, கையில் ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

* தலைவலி அடிக்கடி வந்தாலோ, திடீரென மிகக் கடுமையாக வந்தாலோ டப்பாவைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

தைலம் தருவது தற்காலிக நிம்மதிதான். அந்த நிம்மதியை விற்றுக் கிடைத்த பணத்தை, சீக்கிரம் தீராத பெரிய வலிகளுக்குச் செலவழித்தார் நாகேஸ்வர ராவ். அவர் பெயரில் லஸ் பக்கம் ஒரு பூங்கா இருக்கிறது. காலையில் அங்கே வாக்கிங் போகிற பலருக்கும், போர்டில் இருக்கும் பெயருக்கும் தங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கும் உள்ள தொடர்பு தெரியாது. உங்களுக்கு இப்போ தெரியும். நாலு பேருக்குச் சொல்லுங்க!